சம்பளம் வாங்காத ஞாயிறுகள்

மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல், எதிரே நீளும் கைகள். முப்பத்திரண்டு வயதில் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. பேருந்து ஓட்டும் அவள் புருஷன் மட்டும், "நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன். பரவாயில்ல, வீட்லயே ஓசி வைத்தியம்" என்றான்.

நுழைவுத் தேர்வை இரண்டாம் தடவையில் தாண்டிவிட்டாள். சிக்கல் அங்கே இல்லை. விண்ணப்பிப்பவர் நோயாளிகளுக்கு நூறு மணி நேரம் சேவை செய்திருக்க வேண்டும் என்று ஒரு விதி. ஊசியக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். பத்து வருடம் போதாதா? போதாதாம். சம்பளம் வாங்கிச் செய்தால் அது வேலை, சும்மா செய்தால்தான் சேவை என்று மருத்துவக் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. இந்த விதியை எழுதிய மகானுபாவர் அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் எழுதியிருப்பார். அதை யார் கேட்பது?

ஆக, தான் வேலை பார்க்கும் அதே மருத்துவமனையில் ஞாயிறுதோறும் தன்னார்வலராகச் சேர்ந்தாள். வாரமெல்லாம் வெள்ளைக் கோட்டு. ஞாயிறு மட்டும் கழுத்தில் மஞ்சள் அட்டை. மஞ்சள் அட்டைக்காரர்கள் தண்ணீர் கொடுக்கலாம், சக்கர நாற்காலி தள்ளலாம். ஊசியைத் தொடக் கூடாது. "என்னக்கா, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று வழக்கமாக வருபவர்கள் துக்கம் விசாரித்தார்கள். பற்றிக்கொண்டு வரும் அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரை நீட்டுவாள்.

நூறு மணி நேரம் நெருங்கிவிட்ட ஒரு ஞாயிறு, மாதாமாதம் பரிசோதனைக்கு அவளிடம் ரத்தம் கொடுக்கும் சின்னப் பெண் வந்தாள். நூல் மாதிரி நரம்பு. அன்று பணியில் இருந்தவர் இரண்டு கையிலும் குத்திப் பார்த்துவிட்டார், கிடைக்கவில்லை. குழந்தை வீறிட்டது. ஊசியக்கா யோசிக்கவே இல்லை. கையைக் கழுவி, உறையை மாட்டி, தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எடுத்து முடித்துப் பஞ்சை அழுத்தும்போதுதான் கழுத்தில் மஞ்சள் அட்டை தொங்குவது அவளுக்கே தெரிந்தது.

தன்னார்வலர் பிரிவு மேலாளருக்குச் செய்தி உடனே போய்விட்டது. நல்ல மனிதர்தான், விதி என்று வந்தால் மட்டும் தொடைநடுங்கி. மன்னிப்புக் கடிதத்தை அவரே தயாராக வைத்திருந்தார்: எனக்குப் பயிற்சி இல்லாத வேலையில் தலையிட்டேன், இனி இப்படி நேராது. கையெழுத்துப் போட்டால் மணிக்கணக்கு நிலைக்கும். போடாவிட்டால் அத்தனையும் ரத்து, இந்த வருட விண்ணப்பமும் கூடவே போகும்.

"ஒரு கையெழுத்துதானேம்மா."

"அட்டையைக் கழட்டாம எடுத்தது தப்புன்னு எழுதுங்க சார், இப்பவே போடுறேன். பயிற்சி இல்லன்னு போட மாட்டேன்."

"வார்த்தையை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப விடுங்க சார்."

வீட்டில் புருஷன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "ஒரு வருஷம் போச்சே. கண்ணை மூடிட்டுப் போட்டிருக்கலாம்ல?"

"பத்து வருஷமா செய்யற வேலை தெரியாதுன்னு பொய் எழுதிக் குடுத்து உள்ள போனா, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க படிக்கிறது?"

சொல்லிவிட்டாளே ஒழிய, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கோபத்தில் வந்த அழுகை. முகம் கழுவியதும் அழுகை போனது, கோபம் அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலை, மேலாளரே வெறும் வயிற்றோடு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். சர்க்கரைப் பரிசோதனை.

"பக்கத்து நாற்காலி காலியாத்தான இருக்கு சார். அங்க போகலாமே."

"வேண்டாம்மா. நீங்க எடுத்தா வலிக்காது."

"எனக்குப் பயிற்சி இல்லன்னு எழுதினீங்களே."

அவர் சட்டைக் கையை மெதுவாகச் சுருட்டினார். "எழுதினது ஆபீஸும்மா. கை என்னோடது."

ஊசியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டினாள்.

"இந்த ஞாயிறு வருவீங்களா?" என்று கேட்டார்.

"வருவேன். மொத மணியிலேர்ந்து எண்ணிக்குங்க."

"அந்தக் குழந்தை மறுபடியும் வந்தா?"

"அட்டையைக் கழட்டி உங்க மேஜைல வெச்சுட்டு எடுப்பேன். கையை இறுக்கி மூடுங்க சார்."

மேலாளர் இறுக்கி மூடினார்.