வெயிலை நம்பிய நான்கு பெட்டிகள்

ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். கடல் கடந்து வந்து புக்கிட் பாத்தோக் அடுக்குவீட்டில் குடியேறிய முதல் வாரம், ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப்போட்ட சட்டை சாயங்காலம் வரை ஈரமாகவே இருந்தது. திருச்சியில் அதே சட்டை ஒரு மணி நேரத்தில் அப்பளமாக விறைத்திருக்கும். இங்கேயும் உடம்பு எரிகிற வெயில்தான். ஆனால் மதியமானால் மேகம். அதைப் பார்த்தேன், யோசிக்கவில்லை. எண்பதுகளின் நடுவில் நான் செய்த பெரிய தவறு அந்த யோசிக்காமையிலிருந்து வந்தது.

நான் வேலை பார்த்த சிறு நிறுவனம் அளவுக் கருவிகள் செய்துவந்தது. கிராஞ்சியில் இறால் பண்ணை வைத்திருந்த கோ என்பவர் எங்களிடம் வந்தார். தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் விடிவதற்குள் இறால் செத்துவிடும். முன்கூட்டியே எச்சரிக்க ஒரு கருவி வேண்டும். குளங்கள் நான்கு, மின்சாரம் அதுவரை எட்டவில்லை. ஒரே கணினி என்றால் அது கெட்டதும் நான்கு குளமும் குருடு. ஆகவே குளத்துக்கு ஒரு சிறு கணினிப் பெட்டி, மேலே சூரியத் தகடு, அடியில் பாட்டரி என்று தீர்மானித்தோம். ஒவ்வொன்றும் தன் குளத்தைத் தானே கணக்கிட்டு, ஆபத்து என்றால் மட்டும் கொட்டகை மணியை அடிக்கும்.

எந்தச் சிப் போடுவது என்பது என் பொறுப்பு. ஒன்று திருச்சியிலேயே எனக்குக் கைவந்தது. ஆனால் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். மற்றது சிமாஸ் வகை. விலை அதிகம், வேகம் குறைவு. ஆனால் வேலை முடிந்ததும் தூங்கவைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம். 'நம்மிடம் இல்லாத வெயிலா?' என்று பழகியதையே எடுத்தேன். அந்த 'நம்மிடம்' எந்த ஊர் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

பண்ணையைப் பார்த்துக்கொண்டவர் செல்வி அக்கா, செம்பவாங் கப்பல் பட்டறைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். தகடுகளைப் பார்த்ததுமே கேட்டார்: "டிசம்பர்ல நாலு நாள் விடாம ஊத்தும் லா. அப்ப என்னா செய்வீங்க?"

"பாட்டரி தாங்கும், அக்கா," என்றேன்.

அந்த டிசம்பரில், அடைமழையின் மூன்றாம் நாள் இரவு நான்கு பெட்டிகளும் அணைந்தன. மணி அடிக்கவில்லை. காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். இறால் மேலே வந்து தத்தளிப்பதைத் தற்செயலாகக் கண்டு, தண்ணீருக்குள் காற்றடிக்கும் டீசல் இயந்திரத்தை ஓடவிட்டு மூன்று குளங்களைக் காப்பாற்றியிருந்தார். நான்காவதற்கு நேரம் போதவில்லை.

"நீங்க சொன்னீங்கன்னு நம்பித் தூங்கிட்டேன் தம்பி," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஒரு வாரம் கழித்து சிமாஸ் சிப்போடு கோவிடம் போய், தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டு, "திஸ் ஒன் லோ பவர்," என்றேன். அவர் முகம் சிவந்தது. இருந்ததே செத்துப்போயிற்று, அதைவிட வலுவில்லாததையா கொண்டுவந்தாய் என்று ஆங்கிலத்தில் கத்தினார். நான் விளக்க விளக்கக் கோபம் ஏறியது. அக்காதான் குறுக்கே வந்தார். "தவுக்கே, இது மக்கான் சிக்கிட்," என்று முதலாளிக்கு மலாயில் சொல்லி, விரல்களைக் குவித்து வாயருகே காட்டினார். கொஞ்சமாகச் சாப்பிடும் என்று பொருள். கோ என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"லைக் யூ லா, சோ தின்!" என்று என் ஒல்லி உடம்பைக் காட்டிச் சிரித்துவிட்டார்.

இந்த முறை அக்காவை உட்காரவைத்து, வானம் தொடர்ந்து எத்தனை நாள் மூடியிருக்கும் என்று கேட்டு, அதற்குமேல் இரண்டு நாள் தாங்கும்படி பாட்டரியை அமைத்தேன். பெட்டிகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, நீரைப் பார்த்து, மறுபடி உறங்கின. அடுத்த மழைக்காலத்தில், ஐந்தாம் நாள் காலை, அக்கா தொலைபேசியில் கத்தினார்: "மணி அடிச்சிருச்சு தம்பி! ஒண்ணுகூடச் சாகல லா!"

மறு வருடம் நவம்பரில் விடுப்பில் ஊருக்குப் போனேன். மூன்று வருடம் பொய்த்த வானம் ஒரு மதியம் கறுத்தது. தெருவே வெளியே வந்து நின்றது.

"ஐயய்யோ, மூடிக்கிட்டு வருதே!" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

தங்கை என்னை வெறித்தாள். "என்னண்ணே சொல்றே? இதுக்குத்தானே தினமும் கோயில்ல செபம் பண்றோம்?"

முதல் துளிகள் விழுந்தன. எல்லோரோடும் நானும் நனைந்தேன். முதுகுக்குப் பின்னால் என் விரல்கள் மட்டும், கிராஞ்சியில் இது எத்தனையாம் நாள் மேகம் என்று எண்ணிக்கொண்டிருந்தன.