அங்கே என்ன தெரிகிறது என்று கேட்ட பரீதா அக்கா

பரீதா அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது. காலை ஏழரை மணி. பள்ளிக்குக் கிளம்பப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் தம்பி சலீம் அண்ணன் அழைத்தார். அக்காவை அவர் லாத்தா என்றுதான் சொல்வார்.

"மலரு, லாத்தா மௌத்தாயிட்டாங்கம்மா. இன்னைக்கி சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். தளத்துல நோட்டீஸ் போட்டுரு" என்றார். பிறகு, "நீ போட்டாத்தான் லாத்தாவுக்குப் புடிக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஒரு பக்கம் பின்னலும் மறுபக்கம் விரித்த கூந்தலுமாக உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். ஓர் ஒற்றுப்பிழைகூட இருக்கக் கூடாது என்று அக்காவிடம் சண்டை போட்டவள் நான். அன்று கிழமையையே தப்பாகப் போட்டிருந்தேன். சார்ஜாவிலிருந்து ஒரு வாசகர் எழுதிச் சொன்ன பிறகுதான் திருத்தினேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அக்காவை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். சார்ஜாவிலும் சிங்கப்பூரிலும் பாரிஸிலும் இருந்துகொண்டு, ஊரில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் மௌத், எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்பதையெல்லாம் நம் இணையதளத்தில் பார்த்திருப்பீர்கள். அதைக் கோவில்பத்தில் ஒரே ஓர் அறையில் இருந்து நடத்தியவர் அவர். வயது முப்பத்து நான்கு. சென்னையில் கணினி வேலையில் இருந்தார். சிறுநீரகம் பழுதானதும் ஊருக்குத் திரும்பினார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களெல்லாம் நம் அனைவருக்கும்.

நான் கோட்டுச்சேரிப் பெண். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில், தளத்தில் இருந்த எழுத்துப் பிழைகளை ஒரு முழுத் தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்பினேன். நன்றி என்று பதில் வரும் என்று எதிர்பார்த்தேன். "இவ்வளவு பிழையையும் கண்டுபுடிச்ச புண்ணியவதி யாரு? பஸ் ஏறி வந்து நீயே திருத்திட்டுப் போ" என்று வந்தது. போனேன். அன்று தொடங்கிய வேலை.

அந்த ஆண்டு மாங்கனித் திருவிழாவன்று தளம் படுத்துவிட்டது. மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுகிற படங்களை ஏற்றியிருந்தோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். "வட்டம்தான் சுத்துது, மாம்பழம் வரல" என்று பாரிஸிலிருந்து ஒருவர் எழுதினார். அக்கா சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனார். மறுநாளே வேலையைத் தொடங்கினார்.

"நம்ம தளம் இருக்கறது சென்னையில ஒரு கம்ப்யூட்டர்ல. பாரிஸ்ல ஒருத்தர் படத்தைத் தட்டினா, இங்கேர்ந்து கெளம்பி அங்க போவணும். ஆயிரம் பேரு தட்டினா அதுக்கு மூச்சு முட்டிரும். அதுனால ஊருக்கு ஒரு நகல வெச்சிரணும். பாரிஸ்காரருக்குப் பாரிஸ் நகல், சிங்கப்பூர்காரருக்குச் சிங்கப்பூர் நகல்."

"இதுக்குப் பேரு என்னக்கா?"

"சிடிஎன் அப்புடின்னு சொல்லுவாங்க."

"தமிழ்ல?"

"அத நீ கண்டுபுடி. பின்ன எதுக்கு உன்ன வெச்சிருக்கேன்?"

நகல் வலை என்றேன். "நல்லாருக்கே, மத்தி மீனும் புடிக்கலாம்போல" என்றார். ஆனாலும் அன்றிலிருந்து அவரும் அப்படித்தான் சொன்னார். நம் தளத்தின் பெயரைத் தட்டினால் முதலில் அந்த வலைக்குப் போகும்படி மாற்றினார். மாற்றம் உலகம் முழுக்கப் பரவும்வரை காத்திருந்தோம். நகல்களை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று வலை கேட்டது. எல்லாவற்றுக்கும் ஒரு நாள் என்று குறித்தார். பாரிஸ்காரருக்கு மாம்பழம் உடனே வந்தது. இருவரும் தேநீர் குடித்துக் கொண்டாடினோம். அக்காவுக்குத் தண்ணீர் அளவோடுதான் என்பதால் அவருடையது கால் குவளை.

சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை. அக்கா மருத்துவமனையில் இருந்தார். ஊரில் ஒரு பெரியவர் இறந்திருந்தார். இன்று அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று ஒன்பது மணிக்கு நோட்டீஸ் போட்டேன். பாரிஸிலிருந்து மகள் வருவதால் நாளை நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் என்று அந்த வீட்டார் பத்தரைக்கு மாற்றிச் சொன்னார்கள். உடனே மாற்றினேன். என் திரையில் பார்த்தேன், சரியாக இருந்தது. எழுந்து சாப்பிடப் போய்விட்டேன்.

பன்னிரண்டு மணிக்குத் தளத்தின் முகவரிக்கு ஒரு மின்னஞ்சல். "நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இறந்தவர் என் அத்தா. வீட்டில் பதினோரு வருடமாக என்னிடம் பேச்சில்லை. உங்கள் தளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இன்று அஸருக்கே அடக்கம் என்கிறீர்கள். அதற்குள் வர எனக்கு வழியில்லை. அவருக்காகத் துஆ செய்யச் சொல்லுங்கள்."

அடக்கம் நாளைக்குத்தான் என்று அந்த மகனுக்குப் பதில் அனுப்பினேன். அவர் திருப்பி எழுதினார்: "தளத்தில் இன்னும் இன்று என்றுதான் இருக்கிறது. எதை நம்புவது?"

அக்காவை அழைத்தேன்.

"அக்கா, நான் மாத்திட்டேன். எனக்குச் சரியாத்தான் தெரியுது."

"உனக்குத் தெரியும் புள்ளே. நீ கடவுச்சொல் போட்டு உள்ள ஒக்காந்திருக்க. உனக்கு நகல் வராது, நேரா அசலே வரும். வெளியில வந்து பாரு."

கடவுச்சொல் போட்ட பக்கத்திலிருந்து வெளியே வந்து பார்த்தேன். பழைய வரி அப்படியே இருந்தது.

"என் தப்புதான். மாம்பழத்துக்குப் போட்ட ஒரு நாள் கணக்க மௌத்துக்கும் போட்டுட்டேன்" என்றார். பின்னால் செவிலியர், "பேசாதீங்கம்மா, பிரஷர் ஏறுது" என்பது கேட்டது. "ஏறட்டும் சிஸ்டர், ரெண்டே நிமிஷம். ஒருத்தரு பிளேன் ஏறணும்." இடக்கையில் ஊசிகளோடு படுத்தபடியே எந்தப் பக்கம், எந்தப் பொத்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லா நகல்களையும் அழிக்கவா என்று திரை கேட்டது. என் விரல் நின்றுவிட்டது.

"எல்லாம் போயிடுமாக்கா?"

"நகல்தான் போவும். அசல் பத்திரமா இருக்கு. அழுத்து."

அழுத்தினேன். "இப்போது பாருங்கள். அங்கே என்ன தெரிகிறது?" என்று அவருக்கு எழுதினேன். ஒரு நிமிடத்தில், "நாளை லுஹர் என்று வருகிறது" என்று பதில் வந்தது. அதற்குப்பின் ஒன்றுமில்லை. வருகிறாரா இல்லையா என்று தெரியவில்லை. அன்று முழுவதும் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரே பக்கத்தில் இருந்தேன்.

மறுநாள் அடக்கத்துக்கு முந்திய ஜனாஸா தொழுகைக்குப் போய்வந்த சலீம் அண்ணன்தான் சொன்னார். "சஃப்பு கட்டி எல்லாரும் வரிசையா நின்னாச்சு. ஒருத்தரு பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஆட்டோலேர்ந்து எறங்கி ஓடி வந்தாரு. எங்க நிக்கிறதுன்னு தெரியாம முழிச்சாரு. அவரு அண்ணன்தான் கொஞ்சம் தள்ளி நின்னு எடம் வுட்டாரு."

நான் அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை. மடிக்கணினியை இழுத்து வைத்துக்கொண்டு, "இவரு எழுதினாரு, நமக்குத் தெரிஞ்சிது. பழசப் பாத்துட்டு எழுதாம வுட்டவங்க எத்தன பேரோ" என்றார். படங்களின் நகல் ஒரு மாதம் இருக்கலாம், நோட்டீஸ்களின் நகல் ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று அன்றே பிரித்தார். அதோடு அவர் நிற்கவில்லை. சிங்கப்பூர், சார்ஜா, பாரிஸ் மூன்றிலும் ஒவ்வொரு வாசகரைத் தேடத் தொடங்கினார். நோட்டீஸில் எதை மாற்றினாலும், அங்கே என்ன தெரிகிறது என்று அவர்களிடம் கேட்க வேண்டும் என்பது அந்த அறையின் சட்டமானது. "நமக்குத் தெரியறது நமக்கு மட்டுந்தான் தெரியுது" என்பார். சிங்கப்பூருக்கு யார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பை மாட்டிய மனிதர், நான் பார்த்துச் சொல்லட்டுமா என்று தானாகவே எழுதிக் கேட்டார்.

பரீதா அக்கா என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தியவர் அல்லர். "எனக்கு இந்த இடத்துல க் போடணுமா வேணாமான்னு ஒரு நாளும் வெளங்காது, உனக்கு வெளங்குது. ஆளுக்கொரு கிறுக்கு" என்று சிரிப்பவர். டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து கிடக்கிற நாளிலும், யாராவது கல்யாண நோட்டீஸில் மாப்பிள்ளை படத்தைத் தலைகீழாக அனுப்பியிருந்தால், எனக்கு அனுப்பிவிட்டுத்தான் தூங்குவார். சாவைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அடுத்த ஆண்டு தளத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் தொடங்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசினார். அதை நான் தொடங்கப்போகிறேன். கல்லூரியில் கணினி படிக்கப் போகிறேன் என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன். தமிழ் படிப்பாள் என்று நினைத்திருந்த அப்பாவுக்குக் கொஞ்சம் அதிர்ச்சி.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். வேலை முடிந்தது என்று தோன்றிய பிறகும் எழுந்துவிடாமல், தூரத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை உட்கார்ந்திருப்பது.

போன வாரம் வரிச்சிக்குடியில் ஒரு நிக்காஹ். மழையால் மண்டபம் மாறியது. அக்காவின் நோட்டீஸைத் திருத்திய பிறகு, அவர் இல்லாமல் நான் மாற்றிய முதல் நோட்டீஸ். மாற்றிவிட்டுச் சிங்கப்பூருக்கு எழுதினேன்.

"அங்கே என்ன தெரிகிறது?"

"பழசுதாம்மா தெரியுது."

ஒரு நிமிடம் காத்திருந்தேன். "இப்போது?"

"இப்ப வந்துட்டுது, புது மண்டபம்" என்று வந்தது. நான் எழப்போகும்போது இன்னொரு வரியும் வந்தது. "அடுத்த மாசம் ஊருக்கு வர்றேம்மா. அண்ணன் வீட்டுலதான் தங்குறேன்."