தூங்குமூஞ்சி மரத்து வகுப்பு

என் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது கொட்டாவிதான். மொழி, நிலத் திட்டம், கல்வி மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பஸ் ஏறிப் போயிருப்பார். ஓர் இடத்தைப் பற்றி மக்கள் எப்படிப் பேசுகிறார்கள், அதே இடத்தைத் திட்டம் போடுகிறவர்கள் காகிதத்தில் எப்படி வரைகிறார்கள், அங்கே பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் எனக்கு வாய்த்த பிஎச்.டி. குழுவைப் பார்த்தால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள். தமிழ்ப் பேராசிரியர், "வரைபடம் எதுக்கும்மா?" என்பார். திட்டமிடல் பேராசிரியர், "கதையெல்லாம் எதுக்கு?" என்பார். கல்வியியல் பேராசிரியை, "பிள்ளைங்க எங்க?" என்பார். மூன்று மாமியார் இருக்கிற வீட்டில் ஒரே மருமகள் நான்.

நாற்பது வயதுக்கு மேல் இந்த வம்பு எனக்குத் தேவையா என்று என் வீட்டுக்காரர் கேட்டதுண்டு. அவர் அனல்மின் நிலையத்தில் பர்மனென்ட். அதனால்தான் எங்களுக்கு நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். நான் பக்கத்து ஊர்க் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள். சாயங்காலம் கொடியில் காய்ந்த துணியைப் பழுப்பு நிலக்கரித் தூள் போக உதறி எடுத்து வைத்துவிட்டு, நடந்து போய் மக்களிடம் பேச்சுக் கொடுப்பேன். அதுதான் என் கள ஆய்வு. அப்படி நடந்தபோது கண்ணில் பட்டதுதான் அந்த வகுப்பு.

எங்கள் பிளாக்கின் கடைசியில் ஒரு வரிசை வீடுகளைக் காலி செய்து வைத்திருந்தார்கள். இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அந்த வரிசைக்கு முன்னால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். ஒரு கல்யாணப் பந்தியையே அதன் நிழலில் உட்கார வைக்கலாம். அடிமரத்தில் கயிறு கட்டி ஒரு கரும்பலகை தொங்கிக்கொண்டிருந்தது. கீழே தார்ப்பாய் விரித்துப் பிள்ளைகள். நடுவில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முப்பது வயது இருக்கும். எம்.எஸ்ஸி. கணிதம், மேலே பி.எட். மந்தாரக்குப்பத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. புருஷன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் டிரைவர். அவளுக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை அமையவில்லை. சரி, வீட்டிலேயே டியூஷன் எடுக்கலாமென்றால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மத்தியானச் சூடு இரவு வரைக்கும் இறங்காது. போதாததற்கு வீட்டுக்காரம்மா, "எத்தினி செருப்புங்க வாசல்ல? வூடா, சந்தையா?" என்று கத்திவிட்டார். தேடி அலைந்தபோது கிடைத்தது இந்த நிழல். வாடகை இல்லை, கேட்பாரும் இல்லை.

பிள்ளைகள் பெரும்பாலும் டவுன்ஷிப்பில் கூட்டிப் பெருக்குகிற, சுரங்கத்தில் கான்ட்ராக்டில் போகிற பெண்களின் பிள்ளைகள். மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு பாய் தன் இரண்டு பெண்களையும் டி.வி.எஸ். வண்டியில் கொண்டுவந்து விடுவார். மூத்தவள் அந்த வருஷம் பத்தாவது. கணக்கில் அவள்தான் முதல். பொழுது சாய்ந்து மரத்து இலைகள் மூடிக்கொள்ள ஆரம்பித்தால் வகுப்பு முடிந்தது என்று பிள்ளைகளே தார்ப்பாயை மடித்துவிடுவார்கள். மணி பார்க்கிற வேலையே இல்லை.

"எங்க வூட்டுல எல்லாமே கான்ட்ராக்டுக்கா. அவுரு வேலை கான்ட்ராக்டு, வூடு வாடகை. இந்த வகுப்பு ஒண்ணுதான் எனக்கு பர்மனென்ட்டு" என்றாள் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு என்னவோ போல் இருந்தது.

நான் தினமும் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் அந்த இடத்தை "டியூஷன் மரம்" என்றார்கள். ஆட்டோக்காரர்களும் அப்படியே. பால்காரர், "டியூஷன் மரத்தாண்ட திரும்பினா ரெண்டாவது வூடு" என்று வழி சொன்னதை என் காதாலேயே கேட்டுக் குறித்துக்கொண்டேன். மொழியும் நிலமும் கல்வியும் ஒரே மரத்தடியில்! மூன்று மாமியாரையும் ஒரே நாளில் சமாளித்துவிடலாம் என்று எனக்குக் குஷி தாங்கவில்லை.

அந்தக் குஷிக்குக் கண் பட்டுவிட்டது. ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் அடிமரத்தில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி. வரிசை வீடுகளை இடித்துவிட்டுப் பூங்கா போடப் போகிறார்களாம். வெள்ளை வளையம் போட்ட மரம் இருக்கும், சிவப்புக் குறி போட்ட மரம் போகும். இந்த மரம் நடைபாதையின் நட்டநடுவில் வருகிறதாம். பூங்காவுக்காக மரத்தை வெட்டுகிற புத்தி எந்த ஊர்ப் புத்தியோ! வாய்விட்டே திட்டினேன்.

திட்டம் போட்டவர் சென்னையிலிருந்து வந்த இளைஞர். கெட்டவர் இல்லை. வரைபடத்தைக் காரின் மேல் விரித்துக் காட்டினார். கோயிலுக்கு ஒரு குறி, பள்ளிவாசலுக்கு ஒன்று, சர்ச்சுக்கு ஒன்று, டிரான்ஸ்பார்மருக்கு ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்குக்கூட ஒன்று.

"இங்க பிள்ளைங்க படிக்கிறாங்களே தம்பி, அதுக்கு என்ன குறி?" என்றேன்.

"பள்ளிக்கூடம்னா கட்டிடம் இருக்கணுங்க மேடம். மரத்தடி வகுப்புக்குக் குறியே கிடையாது. குறி இல்லாததை நான் எப்படிக் காப்பாத்துறது?" என்றார். அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

விஷயம் பிள்ளைகளின் அம்மாமார்களுக்குத் தெரிந்தது. டீச்சரும் நானும் டவுன்ஷிப் அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்தோம். காலி செய்த வரிசையில் அனுமதியில்லாமல் யாரும் எதுவும் நடத்தக்கூடாது என்று பதில் வந்தது. மரத்தைக் கேட்கப் போய் வகுப்புக்கே ஆபத்து. "பத்தாவது பரிச்சை வரைக்குமாச்சும் வுட்டு வெச்சா போதும்க்கா" என்றாள் அவள், திரும்பி வரும்போது.

வெட்டுகிற அன்று காலையில் நான் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். போய் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. போனால், மரத்தைச் சுற்றி மஞ்சள் துணி. சிவப்புக் குறி இருந்த இடத்தில் மஞ்சளை அப்பி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமப் பொட்டு. கீழே எலுமிச்சம்பழம், வேப்பிலை, ஒரு செங்கல்லுக்கும் பொட்டு. காலை ஷிப்டுக்குப் பெருக்க வந்த அம்மாமார்கள் துடைப்பத்தை ஓரமாகச் சாத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

மரம் வெட்டும் மேஸ்திரி வந்தார். பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"தூங்குமூஞ்சி மரத்துல ஏதும்மா சாமி?" என்று அவருடைய ஆள் ஒருவர் கேட்டார்.

"அம்மா எங்க வேணா ஒக்காருவா. ஒன்னாண்ட கேட்டுக்கினா ஒக்காரணும்? தைரியம் இருந்தா மிஷின வையி பாப்போம்" என்றார் ஓர் அம்மா.

மேஸ்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எனக்குப் புள்ளகுட்டி இருக்குது, நான் மாட்டேன்பா" என்று வண்டியைத் திருப்பிவிட்டார். வண்டி மறைகிற வரைக்கும் எல்லோரும் பக்தியோடு நின்றோம். மறைந்ததும் சிரித்தோமே ஒரு சிரிப்பு! வயிறு வலித்தது. டீச்சரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அன்று சாயங்காலம் வகுப்பில் சர்க்கரைப் பொங்கல். பாய் வீட்டுப் பெண்களும் இலையில் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே பிடித்தது பிள்ளையாராகவே வந்துவிட்டது. அதுதான் வினை.

முதலில் ஒரு வெள்ளிக்கிழமை, யாரென்று தெரியாத ஒரு குடும்பம் வந்து விளக்கேற்றிவிட்டுப் போனது. அடுத்து, செங்கல் இருந்த இடத்துக்குக் கருங்கல் வந்தது. அதற்கடுத்து சூலம். ரிட்டையர் ஆகி மந்தாரக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்ட ஒருவர் தினமும் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வர ஆரம்பித்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, யாரும் போகவும் சொல்லவில்லை. அவர் ஒருநாள் கரும்பலகையைப் பார்த்து, "அம்மா இடுப்புல கயிறு கட்டித் தொங்கவுடலாமா டீச்சர்?" என்று தன்மையாகத்தான் கேட்டார். பலகை கீழே இறங்கியது. பிறகு தார்ப்பாய் பின்னுக்கு நகர்ந்தது. பிறகு செருப்பு தள்ளிப் போனது. பெரிய பெண்கள் வீட்டுக்குத் தூரமான நாட்களில் வரவேண்டாம் என்று கும்பிட வருகிறவர்கள் சொன்னார்கள். பத்தாவது படிக்கிற பிள்ளைகள் மாதாமாதம் பாடத்தை விடுவதா? எனக்கு ஆத்திரம் பொங்கியது.

பாய் ஒருநாள் வண்டியை அணைக்காமலே நின்று பேசினார். "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். உங்க மேல ஒரு கொறையும் இல்ல. இப்ப எல்லாரும் கும்புடுற எடம் ஆயிருச்சு. புள்ளைங்க அங்க கால நீட்டி ஒக்காந்துகினு இருந்தா, நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லா இருக்காது பாருங்க." அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மூத்த பெண் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, தான் போட்டு வந்த கணக்கைத் திருத்தக் கொடுத்தாள். டீச்சர் நின்றுகொண்டே திருத்திக் கொடுத்தாள்.

பொறுக்க முடியாமல் நான் அந்த அம்மாமார்களிடமே சண்டைக்குப் போனேன். "மரத்தக் காப்பாத்தச் சொன்னா வகுப்பத் தூக்கிட்டீங்களே! அந்தத் துணிய அவுத்துடுங்க, போதும்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மேஸ்திரியை மிரட்டிய அதே அம்மாதான் மெதுவாகச் சொன்னார்: "நாங்கதான் வெச்சோம் மேடம், இல்லேங்கல. ஆனா ஒக்கார வெச்ச சாமிய எழுந்து போன்னு சொல்ல முடியுமா? என் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தப்போ இங்கதான் வேண்டிக்கினேன். எறங்கிடுச்சு." அவர் நடிக்கவில்லை. மஞ்சள் துணியைத் தொடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதையெல்லாம் எழுதிக் குழுவின் முன் வைத்தேன். டியூஷன் மரம் என்ற பேச்சே அடங்கிவிட்டது, ஆட்டோக்காரர்கள் இப்போது அம்மன் கோயில் என்கிறார்கள் என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக மூன்று மாமியாரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். "பிரமாதமான அத்தியாயம்மா, மூணும் ஒண்ணா வந்திருக்கு" என்றார் தமிழ்ப் பேராசிரியர். நெடுநாள் காத்திருந்த வார்த்தை. ஆனால் நாக்கில் கசந்தது. "சரிங்க சார், அந்தப் பிள்ளைங்க எங்க போய்ப் படிக்கும்?" என்று கேட்டேன். அது ஆய்வின் எல்லைக்குள் வராது என்றார் கல்வியியல் பேராசிரியை. எப்போதும் பிள்ளைகள் எங்கே என்று கேட்கிற அதே அம்மா!

பூங்கா வந்துவிட்டது. நன்றாகவே இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. நடைபாதை மரத்தண்டை வந்ததும் வளைந்து சுற்றிக்கொண்டு போகிறது. புதிய வரைபடத்தில் அந்த இடத்துக்குக் கோயில் குறி. சென்னைத் தம்பி சந்தோஷமாகக் காட்டினார். "மரம் தப்பிச்சுருச்சு பாத்தீங்களா மேடம்" என்றார். பாவம், அவருக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி.

வகுப்பு கொஞ்ச நாள் அங்கேயும் இங்கேயும் அலைந்தது. ஒருவர் வீட்டு மாடிப்படியில் சில நாள், பஸ் நிறுத்த நிழற்குடையில் சில நாள். எங்கள் குவார்ட்டர்ஸ் வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். வெளியாட்களைச் சேர்க்கிறோம் என்று பக்கத்தில் புகார் போய், என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் விசாரணை வந்தது. "வாணாம்க்கா, என்னால ஒங்க வூட்டுல பிரச்சனை வரக்கூடாது" என்று அவளே நிறுத்திக்கொண்டாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுபோனார்கள்.

போன ஆடியில் அங்கே கூழ் ஊற்றினார்கள். நானும் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு போனேன். நல்ல கூட்டம். வரிசையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் முறை வந்ததும் முன்னால் போய், முன்பு கரும்பலகை தொங்கிய இடத்தைப் பார்த்து, கண்ணை மூடிக் கைகூப்பி வெகுநேரம் நின்றாள். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்த பிறகுதான் நகர்ந்தாள்.

வெளியே வந்ததும், "என்னடி அவ்ளோ நேரம்? என்னா வேண்டிக்கிட்ட?" என்று சீண்டினேன்.

அவள் குங்குமத்தை நெற்றியில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "வேற எங்கனா ஒரு மரத்தக் காட்டும்மா, கும்புட வராத மரமா காட்டுன்னு கேட்டுக்கினேன்க்கா."