புதன்கிழமை வந்தவர்

எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப்பில் பதினோரு பேர். எல்லோரிடமும் பழைய புல்லட். ஞாயிறு விடிந்ததும் தஞ்சாவூரிலிருந்து கிளம்பி, தாராசுரம், திருத்துறைப்பூண்டி என்று எங்காவது போய், டிபன் சாப்பிட்டுவிட்டு மதியத்துக்குள் திரும்புவோம். முன்னால் போகிறவரை யாரும் முந்தக் கூடாது என்பது விதி. முன்னால் போகிறவர் நெல் அறுக்கும் இயந்திரங்களை வாடகைக்கு விடுபவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர்.

கீழ்வேளூருக்குப் போன ஒரு ஞாயிறன்று நான் அவரை முந்தினேன். பாதிச் சாலையில் நெல் காயப்போட்டிருந்தார்கள். டீக்கடையில் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினார். இது என்ன பட்டாளமா என்று நானும் கேட்டுவிட்டேன். அன்று மாலையே வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து விலகினேன்.

மார்கழியில், வங்கி வேலை முடிந்து வரும்போது, நாய் குறுக்கே ஓடியதில் விழுந்தேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்தது. பிளேட் வைத்து, மூன்று மாதம் நடக்கக் கூடாது என்றார்கள். வண்டிக்குப் பெரிய சேதமில்லை. சும்மா நின்றால் கெட்டுப்போகும் என்று ஞாயிறுதோறும் கிளப்பிலிருந்து ஒருவர் முறைவைத்து வந்தார். பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு என் கட்டிலருகே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை காலையிலும் என் வண்டியின் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தால், கீழ்வேளூரில் என்னைத் திட்டியவர். சட்டையெல்லாம் வைக்கோல் தூசி. மனைவி கொடுத்த காபியை நின்றபடியே குடித்து, சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த புதனும் வந்தார். அதற்கடுத்த புதனும். சம்பா அறுவடையில் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கிளப்பிலிருக்கும் பள்ளி ஆசிரியர்தான் விஷயத்தைச் சொன்னார்: பழைய வண்டிக்கு வாரம் ஒருமுறை போதாது என்று சொல்லி, புதன்கிழமையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

ஏழு புதன்கிழமைகள் நான் வாய் திறக்கவில்லை. தப்பு என்னுடையது என்று தெரியும். தெரிந்ததனால்தான் கூப்பிடக் கூச்சம்.

எட்டாவது புதன்கிழமை மனைவி சொன்னாள்: "ஜன்னல்லேருந்து ஒரு வார்த்தை கூப்பிட்டா கால் ஒண்ணும் வலிக்காதுங்க."

"உள்ள வாங்க," என்று கூப்பிட்டேன்.

வந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உறையில் போட்டு வைத்துவிட்டு, "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா சொன்னது சரிதான்," என்றார்.

"சரிதாங்க."

அதைப் பற்றி அவ்வளவுதான் பேசினோம். பிறகு அவர் மழையில் சாய்ந்த பயிரை அறுப்பதிலுள்ள கஷ்டங்களைச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை.

என் முழங்கால் இன்றும் முழுதாக மடங்காது. கிக்கரை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பட்டன் ஸ்டார்ட் வண்டி வாங்கினேன். ஷோரூமுக்கு அவரும் வந்தார். வண்டியில் ஏறியும், பட்டனை அழுத்தாமல் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து, தோளில் கைவைத்தார்.

"போங்க, மெதுவாவே போங்க."

வல்லம் வரை போய்த் திரும்பினோம்.