செவிடன் என்றால் செவிடன்தான்

மஹல்லா நகரத்துப் பஞ்சாலையின் பின்வாசல் சந்தில் மொச்சை விற்கும் இன்ஷிராஹை யாரும் நல்லவள் என்று சொன்னதில்லை. பொய் சொல்லாதவள் என்பார்கள். அது பாராட்டு அல்ல, எச்சரிக்கை.

முன்பு அவளும் ஆலையில் நூல் சுற்றியவள்தான். நூல் அறுகிறதென்று மேஸ்திரி பெண்களைத் திட்டியபோது, "நூல் மட்டம், உங்களுக்குக் கண்ணு மங்கல், ரெண்டையும் மாத்துங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். வேலை போனது. அடுத்த வேலைநிறுத்தத்தில் அவளைத் திரும்ப எடுக்கச் சொல்லி ஒரு கோரிக்கை வைத்தார்கள். எடுத்தார்கள். உள்ளே போன முதல் நாளே மேஸ்திரியிடம், "கண்ணாடி வாங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து மொச்சைப் பானைதான்.

அந்தச் சந்தில் குறை இல்லாதவனுக்குப் பட்டப்பேர் கிடையாது. நொண்டி, மாறுகண், திக்குவாய் என்று தெருமுனையிலிருந்து கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவனும் சாதாரணமாகத் திரும்பிப் பார்ப்பான். ஆனால் பெண் வீட்டிலிருந்து விசாரிக்க ஆள் வந்துவிட்டால் போதும், அதே வாய்களில் தேன் வடியும்.

தறிக்காரன் பயூமியைத் தேடி அப்படி ஓர் ஆள் வரப்போவதாகச் செய்தி. வயது முப்பத்தைந்து. இரண்டு சம்பந்தம் கைதவறிவிட்டது. இதுவும் போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். காலையிலேயே மொச்சைப் பானை முன்னால் வந்து நின்றான். அவளை அவன் காலா, அதாவது சின்னம்மா, என்றுதான் கூப்பிடுவான்.

"காலா, இன்னைக்குப் பொண்ணோட மாமா வர்றாரு. நீங்க மட்டும் வாயைத் தொறக்காதீங்க."

"கேட்டா சொல்லுவேன். கேக்கலைன்னா மொச்சை விப்பேன்."

"என்ன?"

அவள் கத்திச் சொன்னாள். ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பயூமி பாதி ரொட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மதியம் அந்த மாமா வந்தார். ஹாஜ் மித்வல்லி. சந்து முழுக்க விசாரித்துவிட்டுக் கடைசியாகத்தான் இவளிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மளிகைக்காரர் பாவம்ங்கிறாரு. டீக்கடையில அல்லா சுகம் குடுக்கட்டும்ங்கிறாங்க. தையக்காரர் பெருமூச்சு விட்டுட்டு ஊசியைப் பாக்குறாரு. என்னம்மா அவனுக்கு? வலிப்பா? கஞ்சாவா? புத்தி சரியில்லையா? இப்படியே போய் வேணாம்னு சொல்லிடப் போறேன்."

இன்ஷிராஹுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் "ஏ செவிடா" என்று கூவுகிற வாய்கள்தானே இவை! இரக்கப்பட்டே ஒருவனைக் குழியில் தள்ளிவிட்டார்களே!

"செவிடு," என்றாள்.

"என்னது?"

"உங்களுக்குமா?" சந்து முழுக்கக் கேட்கக் கத்தினாள். "செவிடுன்னேன், ஹாஜியாரே. தறிச் சத்தம் தின்னுடுச்சு. ஒரு காது சுத்தமா போச்சு, இன்னொண்ணு பாதி. வேற ஒரு நோயும் இல்ல. யார்மேலயும் கை நீட்டமாட்டான். சம்பளத்தை நேரா வீட்டுக்குக் கொண்டுவருவான். ரோஷக்காரன், யாராவது சிரிச்சா எழுந்து போயிடுவான். அதையும் வீட்ல சொல்லுங்க."

"அப்புறம் எதுக்கு மறைச்சான்?"

"ரெண்டு வீடு இதுக்காகவே எழுந்து போச்சு. உங்களுக்கு அப்படி ஆனா மைக் வச்சா சொல்லுவீங்க?"

ஹாஜியார் விடுவிடுவென்று நடந்து போய்விட்டார்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து பயூமி வந்தான். கண் சிவந்திருந்தது.

"கெடுத்துட்டீங்களே காலா!"

"நான் வாயைத் தொறக்கலைன்னா உன்னைப் பைத்தியம்னு நெனச்சிட்டுப் போயிருப்பாருடா. எது தேவலை?"

"ஊரே கேக்கக் கத்தினீங்களே. நானே சொல்லியிருப்பேன். அந்தப் பொண்ணுகிட்ட, மெதுவா."

மறுநாளிலிருந்து அவன் வேறு சந்தில் சாப்பிட்டான். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அது அவன் சொல்ல வேண்டிய உண்மை. பானையைக் கிளறக் கிளற அதுதான் அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

வெள்ளிக்கிழமை, தங்கையைக் கூட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். மொச்சை வாங்கினாள், தின்னவில்லை.

"நீங்கதானே மாமாகிட்டப் பேசினது? நான் கவ்ஸர்."

"ஆமா, நான்தான். திட்டணும்னா திட்டிட்டுப் போ."

"செவிடு மட்டும்தானே? எங்கப்பா, பெரியப்பா எல்லாரும் தறிக்காரங்கதான். எங்க வீட்ல யாரும் மெதுவாப் பேசி நான் கேட்டதில்ல. இந்தச் சந்துக்காரங்க விட்ட பெருமூச்சுதான் பயமா இருந்துச்சு." சற்றுத் தயங்கினாள். "எந்தக் காது?"

இன்ஷிராஹ் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். சந்தில் இருந்தவர்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

"அதை அவன்கிட்டயே கேளு மகளே. மாமாவைக் கூட்டிட்டு வா."

இரண்டு குடும்பமும் உட்கார்ந்த அன்று இன்ஷிராஹையும் கூப்பிட்டிருந்தார்கள். கவ்ஸர்தான் பிடிவாதம் பிடித்தாளாம். இன்ஷிராஹ் கதவோரத்தில், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷர்பத் தட்டோடு வந்த கவ்ஸர், பயூமியின் வலப்பக்கம் நின்று ஏதோ கேட்டாள். அவனுக்கு விளங்கவில்லை. அவன் முகம் சிவந்தது. எழுந்துவிடுவான் போலிருந்தது.

எழவில்லை.

"இந்தக் காது கேக்காது," என்றான், தேவைக்கு மேல் சத்தமாக.

கவ்ஸர் தட்டைத் தூக்கிக்கொண்டு, எல்லார் காலையும் தாண்டி, இடப்பக்கம் போய் நின்றாள்.

"சக்கரை போதுமான்னு கேட்டேன்."