அக்காவுக்குக் கிடைத்த இடம்

எனக்குப் பத்து வயது ஆகும்வரை அந்த மலைப் பள்ளிக்கூடம் முழுக்க முழுக்க அக்காவின் விஷயம். எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்பா மண்ணரை என்கிற ஊரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். முன்புறம் பின்னல் மெஷின்கள், பின்புறம் எங்கள் வீடு. பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வியாபாரிகள் இங்கிலீஷில் கடிதம் எழுதுவார்கள். அதைப் படித்துச் சொல்லச் சொல்லி அப்பா தபாலாபீசில் போய் நிற்பார். ஒருமுறை 'சரக்கு அனுப்ப வேண்டாம்' என்று வந்த கடிதத்தை யாரோ மாற்றிப் படித்துச் சொல்லிவிட்டார்கள். அனுப்பிய மூட்டைகள் பிரிக்காமலே ரயிலில் திரும்பி வந்தன. அன்றைக்குச் சோற்றில் கைவைத்தபடி அப்பா சொன்னார்: "ஊட்டுல ஒருத்தராச்சும் இங்கிலீசு படிக்கோணும். அதும் வெள்ளக்காரங்க படிக்கறாப்ல படிக்கோணும்."

அந்த ஒருத்தர் அக்காதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எந்தப் புத்தகத்தையும் ஒருமுறை படித்தால் போதும். ரயில்வே குடியிருப்பில் கார்டு ஒருவரின் மனைவி, ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, சாயங்காலங்களில் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். ஒரு வருஷத்தில் அக்கா அந்த வீட்டுக் கிளியோடுகூட இங்கிலீஷில் பேசினாள்.

நீலகிரியில் இருந்த அந்தப் பள்ளி, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியும் தலைமையாசிரியை வெள்ளைக்கார அம்மாள்தான். பாடமும் சீமைப் பாடம்தான். கடைசிப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் கப்பலில் வரும். விடைத்தாள் கப்பலில் போகும். தேயிலைத் தோட்டத்து மானேஜர்களின் பிள்ளைகள் காலையில் காரில் வந்து மாலையில் போய்விடுவார்கள். தூரத்துப் பிள்ளைகள் அங்கேயே தங்க வேண்டும். அப்பா அக்காவை மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் கூட்டிப்போய்ப் பரீட்சை எழுத வைத்தார். தேறிவிட்டாள். பிப்ரவரியில் வந்து சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. அதை அக்காவே வாசித்து அப்பாவுக்குச் சொன்னாள்.

என்னென்ன துணி கொண்டுவர வேண்டும் என்று ஒரு பட்டியலும் கூடவே இருந்தது. உள்ளே போடும் வெள்ளை பனியன்களை அப்பா தன் மெஷினிலேயே, இருந்ததில் நயமான நூலைப் போட்டுப் பின்னினார். ஒவ்வொரு துணியிலும் பள்ளி கொடுத்த எண்ணைத் தைக்க வேண்டும். ஐம்பத்தெட்டு. அக்கா சிவப்பு நூலில் அத்தனை துணியிலும் தானே தைத்தாள். காலுறைகளில்கூட.

தை மாசக் கடைசியில் அவள் வயசுக்கு வந்தாள்.

சீருக்கு வந்த பெரியப்பா, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அப்பாவிடம் பேச்சை எடுத்தார். "வயசுக்கு வந்த புள்ளைய எவ ஊட்லயோ கொண்டுபோய் உட்டுட்டு நீ எப்புடிடா தூங்குவ? நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். மாப்பிள்ள ஊட்டுக்காரன் கேட்டா என்ன சொல்லுவ?"

"எடம் கெடச்சிருக்குதுங்கண்ணா. சும்மா கெடைக்கல. புள்ள பரீட்சை எழுதி வாங்குனது."

"கெடச்ச எடத்த ஏன் உடோணும்? சின்னவ இன்னும் கொழந்ததான? அவ போகட்டும்."

தனியாகப் போட்ட ஓலைக் குச்சுக்குள் உட்கார்ந்திருந்த அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் அவளைப் பார்க்க ஓடினேன். தீட்டு என்று சொல்லி அம்மா என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். தென்னையோலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து, எனக்கான பெட்டியை அவளே அடுக்கினாள். பாவாடைகளின் இடுப்பை மடித்துத் தைத்துச் சின்னதாக்கியிருந்தாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வேண்டாங்க்கா, நீயே போ" என்று அழுதேன்.

"அழுவாத. அங்க என்ன சொல்லித்தாராங்களோ அதைய எல்லாம் எழுதிப் போடு. ஒண்ணு உடாம எழுது. நானும் படிச்சுக்கறேன்" என்றாள்.

அப்பா என்னைக் கூட்டிப்போனார். தலைமையாசிரியை கையிலிருந்த தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "பிக் சிஸ்டர் நோ. ஸ்மால் சிஸ்டர் எஸ்." அந்த அம்மாள் சிரிக்கவில்லை. இரண்டு வகுப்பு கீழே என்னைச் சேர்த்துக்கொண்டார். விடுதிப் பதிவேட்டில் பெயரை மாற்ற மறந்துபோனார்கள். முதல் இரண்டு வாரம் அக்காவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நானும் எழுந்து நின்றேன். அது என் பெயரில்லை என்று சொல்லுமளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வரவில்லை.

அந்தப் பள்ளி எனக்கு ஒத்துவரவே இல்லை. அவித்த முட்டைக்கோஸை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்குவேன். குளிரில் விரல் வீங்கிப் பேனா பிடிக்க முடியாது. எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் கொஞ்சம் பிந்திச் சிரிப்பேன். வகுப்பில் கடைசி இரண்டு பேரில் ஒருத்தியாகவே பெரும்பாலும் இருந்தேன். இதை வீட்டுக்கு எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கடிதம் எழுத வைப்பார்கள்; இங்கிலீஷில்தான் எழுத வேண்டும்; விடுதிப் பொறுப்பாளர் படித்துப் பார்த்துத்தான் ஒட்டுவார். "நான் நலம். இங்கே எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள்" என்று ஆரம்பித்து, மீதித் தாள் முழுவதும் பாடத்தை எழுதினேன். இங்கிலாந்தின் ராஜாக்கள், தேம்ஸ் நதி எங்கே பிறக்கிறது, முக்கோணத்தின் கோணங்கள். அழாமல் தாளை நிரப்ப அது ஒன்றுதான் வழியாக இருந்தது.

அக்கா ஒவ்வொரு கடிதத்தையும் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிவிட்டுத் தனக்கென்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். பதில் கடிதத்தில் கேள்விகள் வரும். அந்த ராஜா ஏன் இத்தனை பேரைக் கல்யாணம் செய்தான்? நீ அனுப்பிய கணக்கில் மூன்றாவது வரி தப்பு, மறுபடி பார். அவள் சொன்னது சரியாக இருக்கும். முதல் விடுமுறைக்கு வந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து அவள்தான் எனக்குச் சீமை ராஜாக்களை வரிசையாக ஒப்பித்தாள். பழைய பரீட்சைத் தாள்களைக் கொண்டுவரச் சொல்வாள். சோறு பொங்குவதற்குள் ஒரு தாளை எழுதி முடித்து, திருத்தச் சொல்லி என்னிடம் நீட்டுவாள். அதைத் திருத்த எனக்கு எங்கே தெரியும்? எல்லாவற்றுக்கும் சரி என்று போட்டுக் கொடுப்பேன்.

பதின்மூன்றாம் வயதில் நானும் வயசுக்கு வந்தேன், பள்ளியிலேயே. நோயாளிகள் அறையில் இரண்டு நாள் படுக்க வைத்து, ஒரு வெந்நீர்ப் பையைக் கொடுத்து, மூன்றாம் நாள் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குத் தகவல் போனது. இனி நம்மைக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். யாரும் கூப்பிடவில்லை. டிசம்பரில் வந்தபோது சின்னதாக ஒரு சீர் செய்தார்கள். பெரியப்பாவே சொன்னார்: "பாதிப் படிப்புல நிறுத்தாத. முடிக்கட்டும்."

அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே அக்கா அம்மாவிடம் கேட்டாள். "அப்ப நான் மட்டும் ஏம்மா போகக் கூடாதுன்னீங்க?"

அம்மா கழுவிய சொம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "அப்ப அப்படி இருந்துச்சு கண்ணு" என்றார்.

அடுத்த விடுமுறையில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். என்னோடு படித்த ஒருத்தி, எஸ்டேட் மானேஜர் மகள், குடும்பத்தோடு காரில் ஊர் போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பள்ளியில் என்னோடு பேசிய சிலரில் அவள் ஒருத்தி. அவள் வருகிறாள் என்றதும் அக்கா இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, காப்பித் தட்டோடு வந்து இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். தடுமாறாமல் பேசினாள். என் கடிதங்களிலிருந்து படித்ததையெல்லாம் பேசினாள். தீவுகளைப் பற்றி ஏதோ சொல்லும்போது 'ஐலண்ட்' என்பதை 'ஐஸ்லேண்ட்' என்றாள். கண்ணால் மட்டுமே படித்த சொல்; யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. அந்தப் பெண் குனிந்துகொண்டு சிரித்தாள். என்னைப் பார்த்தாள். நானும் சிரித்தேன். இந்த முறை பிந்தாமல் சிரித்தேன்.

அக்கா என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு கேள்விகள் வருவது நின்றுபோனது. தமிழில் நாலு வரி வரும்: இங்கு அனைவரும் நலம், உடம்பைப் பார்த்துக்கொள். நான் பாடங்களை எழுதிக்கொண்டுதான் இருந்தேன், இன்னும் அதிகமாக எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் விடுதிப் பொறுப்பாளர் படிக்கிற கடிதத்தில், இங்கிலீஷில் அதை எப்படிக் கேட்பது? விடுமுறையில் நேரிலாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பதினேழு வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. அமராவதி அணைப் பக்கம், கரும்பும் நெல்லும் விளைவிக்கிற குடும்பம். மச்சான் நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். அவர்கள் வீட்டில் புத்தகம் என்று பார்த்தால் பஞ்சாங்கம் ஒன்றுதான். நான் எப்படியோ கடைசிப் பரீட்சையில் தேறி இறங்கி வந்தபோது, அப்பா கடிதங்களைப் பார்க்க இங்கிலீஷ் தெரிந்த குமாஸ்தா ஒருவரை வைத்துவிட்டிருந்தார். என்னிடம் ஒரு கடிதத்தைக்கூட அவர் நீட்டவில்லை. நான் மேலே படித்துக் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் வாத்தியாரானேன்.

அக்காவுக்கு முதலில் ஒரு பெண் குழந்தை. இரண்டாவது குழந்தை தங்கவில்லை. அப்போது கெட்ட உடம்பு பிறகு தேறவே இல்லை. முகமும் காலும் வீங்க ஆரம்பித்தன. சிறுநீரகம் பழுது என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வகுப்பு முடிந்ததும் நான் போய்க் கூட இருப்பேன். ஒரு பிற்பகல், தலையணையைச் சாய்த்து உட்கார்த்தி வைத்ததும் கேட்டாள். "அந்தப் பள்ளிக்கொடத்தப் பத்திச் சொல்லு."

"எல்லாந்தான் எழுதுனேனேக்கா."

"அது பாடம். பள்ளிக்கொடத்தப் பத்தி ஒண்ணுமே எழுதலியே நீ."

சொன்னேன். முட்டைக்கோசையும் வீங்கிய விரல்களையும், கடைசி வரிசையையும், போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுததையும் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அந்த எஸ்டேட் பெண் வந்த நாளையும் சொல்லி, "தப்புப் பண்ணிட்டேங்க்கா" என்றேன்.

"நீ அங்க ராணியாட்டம் இருக்கறேன்னு நெனச்சுட்டிருந்தேன். அந்த நெனப்புல உம்மேல எனக்கு எத்தன வருசம் ஆங்காரம் தெரியுமா?" என்றாள். பிறகு, குறை சொல்கிற தொனியே இல்லாமல், சும்மா கணக்குச் சரிபார்ப்பது போல, "நான் போயிருந்தா அழுதிருக்க மாட்டேன்" என்றாள்.

"மாட்ட" என்றேன்.

மூன்று வாரத்தில் போய்விட்டாள். இருபத்தைந்து வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மண்ணரை வீட்டுக்கு வந்த மத்தியானம், உள்ளறையில் அப்பா அம்மாவிடம் சொல்வது கேட்டது: "ஆள மாத்திப் போட்டனே, பாவி." நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் தலையில் கைவைத்துக்கொண்டு அழுதார்.

அக்காவின் மகளுக்குப் பத்து வயதானபோது நான் அமராவதிக்குப் போனேன். என்னோடு அனுப்புங்கள், நல்ல பள்ளியில் சேர்க்கிறேன், என் வீட்டிலேயே இருக்கட்டும் என்று மச்சானிடம் கேட்டேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போன வார்த்தைகள்.

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் தடுக்க மாட்டனுங்க அம்மிணி. அவங்கம்மா இருந்தா அனுப்பத்தான் சொல்லியிருப்பா. புள்ளையவே கேளுங்க. வர்றேன்னா கூட்டிட்டுப் போங்க."

அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். கேட்டேன். வாளியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள். "நான் வல்லீங்க சின்னம்மா. நான் வந்துட்டா அப்பா ஒண்டியா இருப்பாரு. எனக்கு இங்கத்த பள்ளிக்கொடமே புடிச்சிருக்குதுங்க."

நல்ல பள்ளி எப்படி இருக்கும் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். யாருக்காக இவளைக் கேட்கிறேன் என்பதே தெரியவில்லை. "செரி சாமி" என்று மட்டும் சொன்னேன்.

மச்சான் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். ஒரு கட்டுக் கரும்பை வண்டியின் மேல் ஏற்றிக் கட்டச் சொல்லி, கோயமுத்தூரில் மறக்காமல் இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் இரண்டு தரம் சொன்னார். குழந்தை வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் கையாட்டினேன். அவளும் ஆட்டினாள். பிறகு மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.