பேண்டேஜ் கம்பெனியில் நான் இழுத்த நீல வயர்

"அண்ணாச்சி, நீங்க வச்ச பிளக்குலதான் இப்ப சூட்டுல கவர் ஒட்டுற மிஷின் ஓடுது. செவுத்துல கைய வச்சா சுடுது" என்றாள் செல்லத்தாய். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவள்.

"இன்னைக்கு வேலை இல்லையா?"

"எனக்குத்தான் லீவு. மத்த பன்னெண்டு பேரும் உள்ளதான் இருக்காக."

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் வயரிங் தொழிலில் பதினைந்து வருஷம் தேறியவன், தலைக்கனத்துக்கும் குறைவில்லை. சில மாசத்துக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு லைன் இழுத்ததில் நீல நிற டேட்டா கேபிள் பாதி ரோல் மிஞ்சியது. அந்த வாரமே பேண்டேஜ் கம்பெனி முதலாளி ஒரு டியூப் லைட் கேட்டார். கையில் வேறு வயர் இல்லை. லைட்டுக்குத்தானே என்று அந்தக் கேபிளில் நூல் போன்ற இரண்டு கம்பிகளை எடுத்து கரண்ட் கொடுத்தேன். "ரேடியோ கேக்க ஒரு பிளக்கும் வைங்க" என்றார். வைத்தேன்.

செல்லத்தாய் சொன்னதும் இராஜபாளையம் பஸ் ஏறினேன். உட்கார முடியவில்லை. வயருக்குப் பக்கத்தில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை மோட்டுவளை வரை அடுக்கியிருப்பார்கள். வாசல் ஒன்றுதான். தூரத்தில் மில் புகை தெரிந்தபோதுகூட கம்பெனிதான் எரிகிறதோ என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

கம்பெனிக்குள் ஓடி மெயினை ஆஃப் செய்தேன்.

"யாரக் கேட்டுய்யா அமத்துன? ஆர்டர் போகணும்!" என்று முதலாளி பாய்ந்தார்.

துணிக்கட்டுகளை இழுத்துப் போட்டேன். நீல வயர் பழுப்பேறி இளகியிருந்தது. ஓரிடத்தில் செம்பு தெரிந்தது. அதில் ஒட்டியிருந்த துணி கருகியிருந்தது. ஃபியூஸ் போகவே இல்லை. அது மொத்த ரூமுக்கும் போட்ட தடித்த கம்பி. இந்த நூல் கம்பி வெந்தது அதற்குத் தெரியாது.

"இது கரண்ட் வயர் இல்ல முதலாளி. கம்ப்யூட்டர் வயர். தப்பு என்னோடது" என்றேன்.

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். கருகிய துணியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "வேற எங்கெல்லாம் இதப் போட்டிருக்க?"

அன்றே அந்த வயர் போட்ட மூன்று வீடு ஏறி இறங்கினேன். நாம் லைட்டுக்கு என்று இழுத்த வயரில் நாளை எவர் எதைச் சொருகுவார் என்பது நம் கையில் இல்லை. அது புரிய எனக்கு அந்தப் பஸ் பயணம் வேண்டியிருந்தது.

மூன்றாவது வீடு என்னுடையது. அங்கே நீல வயரில் நான் வைத்த பிளக்கில் என் மனைவி இஸ்திரிப் பெட்டியைச் சொருகியிருந்தாள்.